பொரிகடலை இல்லாத சட்னி

வேணாம் தாயி, நீ சாப்பிடு. இட்லி வேணா ஒண்ணு குடு, வெறும் இட்லியா. சட்னி ஊத்தாத. பொரிகடலைச் சட்னிதானே? நீ மூடியைத் திறக்கும்போதே தெரிஞ்சுபோச்சு. நல்லா இல்லேன்னு சொல்லல. எனக்கு இப்ப கொஞ்ச நாளா அது தொண்டையில எறங்க மாட்டேங்குது.

இந்த பஸ்ல நீ எதுவரைக்கும் போற? திருநெல்வேலியா. நான் சங்கரன்கோவில்ல எறங்கிருவேன். எந்தங்கச்சி வீடு அங்கதான். இல்ல இல்ல, விசேஷமெல்லாம் ஒண்ணுமில்ல. சும்மா கொஞ்ச நாள் இருந்துட்டு வரலாம்னு. அந்தப் பையைப் பாத்துதானே கேக்குற? ஆமா, பெரிய பைதான். எந்தம்பிதான் கட்டிக் குடுத்தான். கொஞ்ச நாளைக்கு எதுக்குடா ஏழு சேலைன்னு கேட்டேன். இருக்கட்டும்க்கான்னான்.

அவன் பேரு ஜெயபாண்டி. சிவகாசியில ஒரு பிரஸ்ல மிஷின் ஓட்டுறான். எனக்குக் கல்யாணம் கட்டிக் குடுத்தாங்க, ரெண்டு வருஷத்துல திரும்பி வந்துட்டேன். அதை விடு. அன்னையிலருந்து இருபத்திரண்டு வருஷம் தம்பி வீட்லதான். அவன் பெண்டாட்டி சுகந்தி வர்றதுக்கு முன்னாடியும் அந்த அடுப்படி எங்கிட்டதான், வந்த பின்னாடியும் எங்கிட்டதான். அவ காலண்டர் ஆபீஸ்ல கம்ப்யூட்டர்ல படம் போடுறா. காலையில போனா சாயங்காலம் வருவா. சமையல் வராது. தோசை சுட்டா இந்தியா மேப்பு மாதிரி வரும். குத்தமாச் சொல்லல, உள்ளதைச் சொல்றேன். மதினி, நீங்க இருக்கங்காட்டிதான் நான் வேலைக்குப் போறேன்னு அவளே சொல்லுவா.

அவங்களுக்கு ஒரே புள்ள. கனிஷ்கா. நான் கனின்னு கூப்பிடுவேன். ஏழு வயசு முடிஞ்சு எட்டு நடக்குது. பெத்தது அவ, வளத்தது நானு. இதை நான் சொன்னா மூஞ்சி சுருங்கும், ஆனா உண்மை அதானே? ஆறு மாசத்துப் புள்ளையை எங்கையில குடுத்துட்டுத்தான் அவ ஆபீஸ் போனா. அந்தப் புள்ளைக்கு எஞ்சட்னின்னா உயிரு. இட்லிக்குச் சட்னி தொட்டுக்காது, சட்னிக்கு இட்லி தொட்டுக்கும். கிண்ணத்தை வழிச்சு நக்கிட்டு, "அத்தை, இன்னுங் கொஞ்சம்"னு நீட்டும். பொரிகடலை, தேங்காய், ரெண்டு பச்சை மிளகாய், ஒரு பல் பூண்டு. உளுந்தம்பருப்பு செவக்கத் தாளிச்சுக் கொட்டுவேன். அவ்வளவுதான். பெரிய வித்தை ஒண்ணும் இல்ல.

நாலு வயசுல அதுக்கு வலிப்பு வந்துச்சு தாயி.

மொதல்ல காய்ச்சல் வலிப்புன்னாங்க. அப்புறம் காய்ச்சல் இல்லாமலே வந்துச்சு. ஒரு மாத்திரை, ரெண்டு மாத்திரை, மூணு மாத்திரை. ஒரு நாளைக்கு அஞ்சு தடவை, ஆறு தடவை. நின்னுக்கிட்டிருக்கும், தொப்புன்னு தலை தொங்கும். மாத்திரை கூடக் கூடப் புள்ள மந்தமாயிருச்சு. வாயில எச்சில் ஒழுகும். ஒண்ணாம் வகுப்புல அழகா எழுதுன புள்ள, ரெண்டாம் வகுப்புல 'அ' எழுதச் சொன்னா பென்சிலைப் பிடிச்சுக்கிட்டு என் மூஞ்சியைப் பாக்குது. நான் இருக்கன்குடி மாரியம்மனுக்கு அக்கினிச்சட்டி எடுக்குறேன்னு நேந்துக்கிட்டேன்.

இந்த ஜூன் மாசம் மதுரை டாக்டர், மாத்திரை கேக்கல, சாப்பாட்டை மாத்திப் பாப்போம்னு சொல்லிட்டாரு. சோறு கிடையாது. இட்லி, தோசை, சப்பாத்தி எதுவும் கிடையாது. துவரம்பருப்பு, உளுந்து, பாசிப்பயறு, கடலை எதுவும் கிடையாது. முட்டை, வெண்ணெய், தேங்காயெண்ணெய், காலிஃபிளவர், பாதாம், இதுதான். அதுவும் வாய்க்கு வந்த அளவுக்கு இல்ல. தராசு வச்சு, கிராம் கணக்குல. உடம்பு மாவுச்சத்துல ஓடாம கொழுப்புல ஓடணுமாம். வண்டியைப் பெட்ரோல்லருந்து கேஸுக்கு மாத்துற மாதிரிக்கான்னு பாண்டி சொன்னான். வண்டியும் புள்ளையும் ஒண்ணா? நீயே சொல்லு.

நான் நெனச்சேன், இதெல்லாம் நாலு நாளைக்குன்னு. சுகந்தி தராசு வாங்கிட்டு வந்துட்டா. நகைக்கடையில வச்சிருப்பாங்கள்ல, அந்த மாதிரி சின்னத் தராசு. என் அஞ்சறைப் பெட்டியை ஒதுக்கிட்டு அந்த இடத்துல தராசை வச்சா. ஒரு அடுப்பைத் தனியாப் பிரிச்சுக்கிட்டா. சின்ன ஜாரு புதுசா வாங்கினா, அதுல வேற எதையும் அரைக்கக் கூடாதாம். தினமும் புள்ளைக்கு மூத்திரம் பிடிச்சு ஒரு அட்டையை நனைச்சுப் பாப்பா. கத்தரிப்பூ கலர்ல வந்தா சாப்பாடு சரியா வேலை செய்யுதுன்னு அர்த்தம். எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதுவா.

நான் அந்த அடுப்படியில இருபத்திரண்டு வருஷம் நின்னவ. "மதினி, அந்தக் கரண்டியை இதுல போடாதீங்க"ன்னு எங்கிட்ட சொல்றா. சொல்லும்போது குரலை ஒசத்தல. அவ என்னைக்குமே குரலை ஒசத்தினதில்ல. அதான் எனக்குக் கூட எரிச்சல்.

புள்ள சாப்பிட மாட்டேன்னுருச்சு. முட்டையில ஒரு தோசை சுடுவா, காலிஃபிளவரைத் துருவி சோறு மாதிரி வைப்பா. புள்ள தட்டைத் தள்ளிவிட்டுட்டு, "எனக்கு அத்தை சட்னி வேணும்"னு ஒரே அழுகை. நான் சுகந்தியைப் பாத்தேன். அவ சொன்னா, "பொரிகடலை இல்லாம அதே மாதிரி செய்ய முடியுமா மதினி?"

நான் சிரிச்சுட்டேன். சிரிச்சது தப்புதான். "பொரிகடலை இல்லாம பொரிகடலைச் சட்னியா? புருஷன் இல்லாம கல்யாணமா?"ன்னு கேட்டேன். அவ மறுநாள் காலையிலருந்து ஆரம்பிச்சா.

மொதல்ல வெறும் தேங்காய். அது ஒரு பக்கம் தண்ணி, ஒரு பக்கம் திப்பின்னு பிரிஞ்சு நின்னுச்சு. புள்ள நாக்குல வச்சுட்டுத் துப்பிருச்சு. அப்புறம் பாதாமை ஊறவச்சுத் தோலை உரிச்சு அரைச்சா. பாயாசம் மாதிரி வாசம். காலிஃபிளவரை அவிச்சுப் போட்டா, கெட்டியா வந்துச்சு, ஆனா வீடே நாறுச்சு. பீர்க்கங்காய்த் தோலை வதக்கிப் பாத்தா. பச்சையா, நல்லாத்தான் இருந்துச்சு, நானே ருசி பாத்தேன். ஆனா அது வேற சட்னி. புள்ளைக்கு அது தெரியாதா? பெருங்காயம் ஒரு சிட்டிகை போடுன்னு நான் சொன்னேன். அவ டப்பாவைத் திருப்பிப் படிச்சுப் பாத்துட்டு, "இதுல கோதுமை மாவு கலந்திருக்கு மதினி"ன்னா. பெருங்காயத்துல கோதுமை மாவு! இத்தனை வருஷமா எங்கையால போட்டிருக்கேன், எனக்குத் தெரியாது. எனக்கு அது பெரிய அவமானமாப் போச்சு. ஏன்னு தெரியல.

அஞ்சு மணிக்கு எந்திரிச்சு அரைப்பா. ஆபீஸ் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை, வந்த பின்னாடி ஒரு தடவை. இருபது இருபத்தஞ்சு தடவை இருக்கும். பாண்டிகூடச் சொன்னான், விட்டுத் தொலைடின்னு. ஒரு நாள் எங்கேயோ விசாரிச்சு வெள்ளரி விதை வாங்கிட்டு வந்தா. அல்வாவுக்கு மேல தூவுவாங்கள்ல, அந்த வெள்ளை விதை. தேங்காயெண்ணெயில லேசாச் செவக்க வறுத்தா பாரு, நான் மாடியில துணி காயப்போட்டுக்கிட்டிருந்தேன், பொரிகடலை வறுக்குற வாசம் வந்துச்சு. சத்தியமா. என்னை ஏமாத்திருச்சு அந்த வாசம். எறங்கி ஓடி வந்தேன். அதோட தேங்காய், மிளகாய், பூண்டு, ஒரு பொட்டுப் புளி. உளுந்து இல்லாம வெறும் கடுகு, கறிவேப்பிலை மட்டும் தாளிச்சா.

புள்ள ஒரு விரல்ல தொட்டு நக்குச்சு. இன்னொரு தடவை நக்குச்சு. "அம்மா, இது அத்தை சட்னி!"ன்னு கத்துச்சு.

சுகந்தி அடுப்படித் தரையில அப்படியே உக்காந்துட்டா. அழுதுக்கிட்டே சிரிச்சா. அன்னைக்குத்தான் அவ மூஞ்சியில நான் சந்தோசத்தைப் பாத்தேன், மூணு வருஷம் கழிச்சு. நானும் சந்தோசப்பட்டேன். பட்டேன் தாயி. ஏன் படாம?

அதுக்கப்புறம் புள்ள ஒழுங்காச் சாப்பிட்டுச்சு. சட்னிக்காகவே முட்டைத் தோசையைத் திங்கும். வலிப்பு கொறைஞ்சுச்சு. ஆறு நாலாச்சு, நாலு ரெண்டாச்சு. ஆகஸ்டு மாசம் நடுவுல நின்னே போச்சு. இருபது நாள் ஒண்ணுகூட வரல. எச்சில் ஒழுகுறது நின்னுச்சு. ரோட்டுல போற பஸ்ஸுல ஊர் பேரை எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பிச்சிருச்சு. எல்லாரும் சாப்பாடு சாப்பாடுன்னாங்க. ஆடி மாசம் நான் இருக்கன்குடிக்குப் போய் அக்கினிச்சட்டி எடுத்துட்டு வந்தேன், அதை ஒருத்தரும் சொல்லல. நான் சொல்லிக் காட்டல, ஆனா யாராவது ஒருத்தர் சொல்லியிருக்கலாம்ல?

ஒரு நாள் காலையில புள்ளைக்குத் தலை சீவிக்கிட்டிருந்தேன். சும்மா வாய்க்கு வந்ததைக் கேட்டேன். "ஏன் கனி, அம்மா சட்னி நல்லாருக்கா, அத்தை சட்னி நல்லாருக்கா?" புள்ள யோசிச்சுச்சு. நான் சீப்பைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். "அம்மா சட்னிதான். அத்தை சட்னி எப்படி இருக்கும்னு மறந்துபோச்சு"ன்னுச்சு.

மறந்துபோச்சாம்.

சின்னப்புள்ள சொன்னதை எல்லாம் மனசுல வைக்கலாமான்னு நீ கேப்ப. நான் வைக்கல. ஆனா அன்னைக்கு சாயங்காலம் மூணே முக்காலுக்கு ஸ்கூல் வேன்ல புள்ள வந்து எறங்குச்சு. சுகந்தி வர ஆறு ஆகும். காலண்டர் சீசன் ஆரம்பிச்சிருச்சு, ஏழுகூட ஆகும். அவ அளந்து வச்சுட்டுப் போன டப்பா இருந்துச்சு. நான் எங்க ரெண்டு பேருக்கு அரைச்ச சட்னி, எனக்கும் பாண்டிக்கும் அரைச்சது, கொஞ்சம் இருந்துச்சு. ஒரு கரண்டி நுனியில எடுத்து, "இந்தா, இதான் அத்தை சட்னி"ன்னு நாக்குல வச்சேன். அவ்வளவுதான். மறக்கக் கூடாதேன்னு. நான் ஒண்ணும் விஷம் வைக்கல.

புள்ள கண்ணை மூடிக்கிட்டு ருசிச்சுச்சு. அந்த மூஞ்சியை நீ பாத்திருக்கணும்.

மறுநாள் அதுவே கேட்டுச்சு. அதுவேதான். சட்னியைத் தனியா எப்படித் திங்கும்? ஒரே ஒரு இட்லி வச்சேன். அதுக்கு மறுநாள் ஒரே ஒரு இட்லி. நெய் தடவி, சட்னி ஊத்தி, என் மடியில உக்கார வச்சு ஊட்டுனேன். பழைய மாதிரி. சில நாள் ரெண்டு. அம்மாகிட்ட சொல்லாதன்னு சொல்லி வச்சேன். "ஏன் அத்தை?"ன்னுச்சு. "சொன்னா அத்தையை ஊருக்கு அனுப்பிருவாங்க. அப்புறம் நீ ஸ்கூல் விட்டு வரும்போது வீட்ல யாரும் இருக்க மாட்டாங்க"ன்னேன். வேற என்னத்தைச் சொல்லச் சொல்ற? சின்னப்புள்ளைக்குப் புரியிற மாதிரிச் சொல்லணும்ல?

பத்து நாள்ல வலிப்பு திரும்பி வந்துருச்சு.

நீ அப்படிப் பாக்காத. ஒரு இட்லியில வலிப்பு வரும்னு யாருக்குத் தெரியும்? நான் அதையும் இதையும் சேத்து நெனைக்கவே இல்ல. ஸ்கூல்ல வெயில்ல நிக்க வச்சிருப்பாங்கன்னு நெனச்சேன். யாரோ கண்ணு வச்சுட்டாங்கன்னு மிளகாய் சுத்திப் போட்டேன். நெஜமாத்தான் சொல்றேன். கொஞ்ச நாள் கழிச்சு… நெனப்பு வந்துச்சு. வரலேன்னு சொல்ல மாட்டேன். வந்தா, உடனே எந்திரிச்சு வேற வேலை பாக்கப் போயிருவேன்.

சுகந்திதான் பைத்தியமாயிட்டா. அட்டை கத்தரிப்பூ கலர்ல வரல, வெளுத்துப் போய் வருது. நோட்டைத் திருப்பித் திருப்பிப் பாக்குறா. எங்க தப்பு பண்ணினேன்னு தெரியலையே மதினி, தெரியலையேன்னு எங்கிட்டயே கேக்குறா. தராசு தப்பாக் காட்டுதோன்னு இன்னொரு தராசு வாங்கினா. கடைசியில அவளுக்குச் சட்னி மேல சந்தேகம் வந்துருச்சு. டயட் பாக்குற மேடம் குடுத்த லிஸ்ட்ல எல்லாம் இருக்கு, நானாச் சேத்தது இந்தச் சட்னி ஒண்ணுதான், வெள்ளரி விதையில எதையாவது கலந்துட்டானோ, நான் அளவைத் தப்பாப் போட்டேனோன்னு. கடையை மாத்திப் பாத்தா. விதையைத் தானே உரிக்கிறேன்னு ரெண்டு கிலோ வெள்ளரிப்பழம் வாங்கிட்டு வந்து உரிச்சா, நகத்துல ரத்தம் வந்துச்சு. வலிப்பு நிக்கல. ஒரு நாள் காலையில அரைச்ச சட்னியை அப்படியே தொட்டியில கொட்டிட்டா. அந்தச் சின்ன ஜாரைக் கழுவித் துடைச்சுப் பரண்ல தூக்கிப் போட்டா. "நாக்கு ருசிக்காக எம்புள்ளையைக் கெடுத்துட்டேன் மதினி"ன்னு என் தோள்ல சாஞ்சு அழுதா.

நான் முதுகைத் தடவிக் குடுத்தேன்.

என்ன நெனச்சேன்னு கேக்குறியா? கேக்கல, ஆனா கேக்குற மாதிரிப் பாக்குற. அந்தச் சட்னி போனது போகட்டும்னு நெனச்சேன். அதான் உண்மை. உங்கிட்ட எதுக்குப் பொய் சொல்லணும்? நீ யாரோ, நான் யாரோ.

மதுரைக்குப் போனாங்க. இன்னும் ஒரு மாசம் பாப்போம், கேக்கலேன்னா சாப்பாட்டை நிறுத்திட்டு இன்னொரு மாத்திரை சேப்போம், அதுவும் கேக்கலேன்னா தலையில ஆபரேஷன் பத்தி யோசிக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. பாண்டி வந்து சுவரைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தான். அன்னைக்கே நான் நிறுத்தியிருக்கணும். நிறுத்துனேன். ரெண்டு நாள் குடுக்கல. மூணாம் நாள் புள்ள வேன்ல இருந்து எறங்கும்போதே சோந்து வந்துச்சு. சட்னியும் இல்லாம அந்தத் தோசையைத் திங்க மாட்டேங்குது, வெறும் வயிறா உக்காந்திருக்கு. மனசு கேக்குமா? இன்னைக்கு ஒரு நாள்னு வச்சேன்.

அன்னைக்குப் புள்ள சொல்லுச்சு, "அத்தை, வேணாம். அம்மா அழுறாங்க."

நான்… நான் சொன்னேன், "இது ஒரு வாய் தின்னுரு, சாமி. நாளைக்கு வேணாம்."

அந்த வாய் உள்ள இருக்கும்போதே வந்துருச்சு. கண்ணு மேல சொருகிருச்சு. கை காலு வெட்டுது. இட்லி தொண்டையில நிக்குது, மூஞ்சி நீலமா மாறுது. எனக்கு ஒண்ணும் ஓடல. இரும்புச் சாவியை எடுத்துக் கையில திணிச்சேன். எதுத்த வீட்டு குளோரி டீச்சர் என் சத்தம் கேட்டு ஓடி வந்து, சாவியைத் தட்டிவிட்டு, புள்ளையை ஒருச்சாச்சுப் படுக்க வச்சாங்க. வெட்டு நிக்க நிக்க வாயில நின்ன இட்லி தானா எச்சிலோட வெளிய வந்துச்சு, டீச்சர் துண்டால வழிச்சு எடுத்தாங்க. மூச்சு வந்துச்சு. அவங்கதான் ஆட்டோ பிடிச்சாங்க, அவங்கதான் சுகந்திக்குப் போன் போட்டாங்க. நான் தட்டைக் கழுவி வச்சேன். ஆமா. புள்ளையை ஆட்டோவுல ஏத்துறதுக்குள்ள, நான் அந்தத் தட்டைக் கழுவிக் கவுத்து வச்சேன். எப்படிச் செஞ்சேன்னு எனக்கே தெரியல. கை தானாச் செஞ்சிருச்சு.

ஆஸ்பத்திரியில புள்ள கவுன்ல சட்னி காஞ்சு ஒட்டியிருந்துச்சு. சுகந்தி அதைச் சுரண்டி மோந்து பாத்தா. "மதினி, இவ வாயில இட்லி எப்படி வந்துச்சு?" குரலை ஒசத்தல.

"தெரியலையேம்மா. நான் துணி எடுக்க மாடிக்குப் போயிருந்தேன்"னேன்.

புள்ள முழிச்சுச்சு. சுகந்தி கேட்டா. புள்ள என்னைப் பாத்துச்சு தாயி. ஒரே ஒரு தடவை. பாத்துட்டு, "நான்தான் எடுத்துத் தின்னேன். அத்தைக்குத் தெரியாது. தினம் நான்தான் எடுத்துத் திம்பேன்"னுச்சு.

சுகந்தி அறைஞ்சுட்டா. அந்தப் புள்ளையை அதுவரைக்கும் ஒரு சுடுசொல் சொன்னதில்ல அவ. அறைஞ்சுட்டு அந்தக் கையையே கடிச்சுக்கிட்டு வெளிய போயிட்டா. புள்ள அழல. நான் கட்டிலுக்குப் பக்கத்துலதான் நின்னேன். சொல்லிரலாம்னு வாயைத் திறந்தேன். பாண்டி உள்ள வந்துட்டான். அதோட…

நாலு நாள் ஆச்சு. வீட்ல எல்லா டப்பாவையும் பீரோவுல வச்சுப் பூட்டிட்டா சுகந்தி. ஸ்கூல்ல மிஸ்கிட்ட சொல்லி வச்சா, இவ யார் டிபன்லயும் கை வைக்காமப் பாத்துக்கோங்கன்னு. அந்தப் புள்ள ஒரு நாளும் ஒண்ணையும் திருடினதில்ல தாயி. ஸ்கூல் விட்டு வந்ததும் சுகந்தி அதோட பையைப் பாப்பா, கையை மோந்து பாப்பா, வாயைத் திறக்கச் சொல்லிப் பாப்பா. லீவு போட்டுட்டு வீட்லயே இருந்தா. அஞ்சாம் நாள் சுகந்தி மருந்துக் கடைக்குப் போயிருந்தா. புள்ள வேன்ல இருந்து எறங்கி வந்துச்சு. எம்முன்னாடி வந்து நின்னுச்சு. பையை எறக்கி வச்சுட்டு, ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு, கேக்காமலே வாயைப் பெருசாத் திறந்து காட்டுச்சு.

எங்கிட்ட. எங்கிட்ட தாயி.

சுகந்தி வந்ததும் சொல்லிட்டேன். வாசல்ல செருப்பைக்கூட கழத்தல அவ. நான்தான் குடுத்தேன், புள்ள எடுக்கலன்னு சொன்னேன். அவ என்னை அடிப்பான்னு நெனச்சேன். இல்ல வெளிய போடின்னு சொல்லுவா. அதுக்கெல்லாம் தயாராத்தான் இருந்தேன். அவ கேட்டது என்ன தெரியுமா? "எந்தத் தேதியிலருந்து?"

ஆவணி கடைசியில, ஒரு திங்கக்கிழமைன்னு சொன்னேன். ஓடிப் போய் நோட்டை எடுத்தா. விரலை வச்சு வச்சுப் பாக்குறா. அந்தத் திங்கக்கிழமையிலருந்து அட்டை வெளுத்திருக்கு. நான் குடுக்காத ரெண்டு நாள்ல லேசாக் கலர் ஏறியிருக்கு. நோட்டை மூடிட்டு என்னைப் பாத்து, "அப்ப எஞ்சட்னி இல்ல"ன்னா. "எஞ்சட்னி இல்ல மதினி. சாப்பாடு வேலை செய்யுது. வேலை செஞ்சிருக்கு!" சந்தோசத்துல டாக்டர் ஆஸ்பத்திரிக்குப் போன் போடுறா, டயட் மேடத்துக்குப் போன் போடுறா. ஸ்டூல் போட்டு ஏறிப் பரண்ல இருந்து அந்தச் சின்ன ஜாரை எறக்குறா. நான் ஒருத்தி அங்க நிக்கிறதே அவளுக்குத் தெரியல.

திட்டியிருந்தாத் தாங்கியிருப்பேன். அவ என்னைத் திட்டக்கூட இல்ல, பாத்துக்கோ. நான் அந்த வீட்டுக்கு அவ்வளவுதானா?

பாண்டிதான் மறுநாள் வந்து சொன்னான். "அக்கா, கொஞ்ச நாள் சங்கரன்கோவில்ல இரு." எத்தனை நாள்டான்னேன். "கொஞ்ச நாள்க்கா." ஒரு இட்லிக்காக இருபத்திரண்டு வருஷத்தை… சரி, ஒரு இட்லி இல்ல. தெரியும். எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காத.

நான் கிளம்ப பத்து நாள் ஆச்சு, அதுக்குள்ளயே வலிப்பு மறுபடியும் கொறைஞ்சிருச்சு. நேத்து ஒண்ணுகூட இல்லேன்னு பாண்டி சொன்னான். நல்லா இருக்கட்டும்.

இன்னைக்குச் சனிக்கிழமை, ஸ்கூல் இல்ல. காலையில ஆட்டோ வந்து நிக்குது. பாண்டி பையைத் தூக்கி வைக்கிறான். சுகந்தி வாசல்ல நிக்கிறா. உள்ள இருந்து புள்ள ஓடி வந்துச்சு. பாண்டி கையைப் பிடிச்சு இழுத்துச்சு. "அப்பா, அத்தையை அனுப்பாதீங்க. நான்தான் எடுத்துத் தின்னேன். சத்தியமா நான்தான்ப்பா. இனிமே திங்க மாட்டேன்."

அதுகிட்ட யாரும் சொல்லல. நான் சொல்லிட்டேன்னு அதுக்குத் தெரியாது. நான் சுகந்திகிட்ட சொன்னேன், சுகந்தி பாண்டிகிட்ட சொன்னா. புள்ளைகிட்ட ஒருத்தரும் சொல்லல. அது இன்னும் எனக்காகப் பிடிச்சு வச்சுக்கிட்டிருக்கு.

சுகந்தி என்னைப் பாத்தா. நீங்க சொல்லுங்கன்னு பாத்தா. புரிஞ்சுச்சு. குனிஞ்சு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். நான், "அத்தை போயிட்டு வர்றேன் கண்ணு"ன்னு சொல்லிட்டு ஆட்டோவுல ஏறிட்டேன். அழுதுக்கிட்டே நின்னுச்சு. தெரு முனை வரைக்கும் சத்தம் கேட்டுச்சு.

சின்னப்புள்ளதானே. மறந்துரும். ரெண்டு நாள்ல மறந்துரும்ல தாயி?

நீ இல்லேன்னு தலையை ஆட்டுற.

ராஜபாளையம் வந்துருச்சு. இங்க பத்து நிமிஷம் போடுவான். இந்தா, இந்தப் போனைப் பிடி. எனக்குக் கண்ணாடி பைக்குள்ள கிடக்கு, எழுத்து தெரியாது. சுகந்தின்னு இருக்கும் பாரு. பாண்டிக்கு வேணாம், சுகந்திக்கே போடு. புள்ளைகிட்ட குடுன்னு நீயே கேளு, நான் கேட்டா அழுதுருவேன். எஞ்சின் நிக்கட்டும் தாயி, அப்புறம் போடு. புள்ளைக்கு நான் சொல்றது தெளிவாக் கேக்கணும்.